துணிக்குள்ளே மரம்: ஸ்டேகர்விங் விமானத்தை மீட்டெடுக்கக் கிளம்புபவர்களுக்கு

அமெரிக்காவின் ஓஹையோவில், பழைய விமானம் ஒன்றை மீட்டெடுக்கும் ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) சனிக்கிழமை உதவியாளாகப் போன முதல் நாள், என் கையில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார்கள். திருகுவதற்கு இல்லை. அதன் பிளாஸ்டிக் பிடியால் இறக்கையின் மரச்சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். நம்மூர் ஆசாரி பழைய கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பாரே, அதே வேலை. நல்ல மரம் 'டக்' என்று சொல்லும். பசை விட்டுப்போன இடம் 'தொப்' என்று சொல்லும். மாலைக்குள் அந்த இறக்கை முழுக்க வெள்ளைக் கோடு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் "அருமையான நிலையில் இருக்கிறதே" என்று மெச்சிய இறக்கை அது.

இந்தக் கட்டுரையை முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்கள் அந்தச் சாக்பீஸ் கோடுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதிலிருந்து பறப்பது வரை எல்லா முடிவும் விமானத்தைப் போர்த்தியிருக்கும் துணிக்கு உள்ளே இருக்கும் மரத்தையும் பசையையும் பொறுத்தது. பெயின்ட் கடைசி.

எந்த விமானம்?

கூரையும் கண்ணாடிக் கதவும் மெத்தை இருக்கையும் வைத்து, கார் போல உள்ளே உட்கார்ந்து போகும் இரட்டை இறக்கை விமானங்கள் அமெரிக்காவில் 1930களில் பணக்காரர்களின் வாகனம். அவற்றில் உச்சம் பீச்கிராஃப்ட் மாடல் 17. வால்டர் பீச்சும் அவர் மனைவி ஆலிவ் ஆன் பீச்சும் 1932இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், கான்சஸ் மாநிலத்து விச்சிடாவில் கம்பெனி ஆரம்பித்து முதலில் செய்த விமானம் இதுதான். வடிவமைத்தவர் டெட் வெல்ஸ். 1932 நவம்பர் 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. வழக்கமாக மேல் இறக்கை முன்னால் தள்ளி இருக்கும். இதில் கீழ் இறக்கை முன்னால், மேல் இறக்கை பின்னால். அதனால் வந்த பெயர்தான் ஸ்டேகர்விங்.

1936இல் லூயிஸ் தாடன், பிளாஞ்ச் நாய்ஸ் என்ற இரு பெண்கள் சி17ஆர் வகை ஸ்டேகர்விங் ஒன்றை எடுத்துக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை 14 மணி 55 நிமிடத்தில் போய் பெண்டிக்ஸ் விமானப் பந்தயக் கோப்பையை வென்றார்கள். அந்தப் போட்டியைப் பெண்கள் வென்றது அதுவே முதல் முறை. மொத்தம் 785 ஸ்டேகர்விங்குகள் கட்டப்பட்டன. அதில் கணிசமானவை யுசி-43 என்ற பெயரில் போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் போனவை. கடைசி வகையான ஜி17எஸ்ஸின் விலை 29,000 டாலர். அதே கம்பெனி 1947இல் கொண்டுவந்த, முழுக்க உலோகத்தாலான ஒற்றை இறக்கை பொனான்சாவின் விலை 8,000 டாலரை ஒட்டி. அதன்பிறகு இதை யார் வாங்குவார்கள்?

புதியவர்கள் பெரும்பாலும் தேடி வருவது டி17எஸ் என்ற வகை. பிராட் அண்ட் விட்னி ஆர்-985 வாஸ்ப் ஜூனியர் இன்ஜின், 450 குதிரைத்திறன், மணிக்கு 200 மைல் வேகம். இறக்கையின் முழு நீளம் 32 அடி. உள்ளே ஐந்து பேர் வரை உட்காரலாம்.

என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் ஒரு ரிப்கூட (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) செய்து பார்க்காதவர் ஸ்டேகர்விங்கை எடுக்க வேண்டாம்; வாக்கோ கேபின் விமானத்தை எடுங்கள். (டெக்சாஸில் உள்ள ஊரைத்தான் 'வேக்கோ' என்பார்கள். விமானத்தை அப்படிச் சொன்னால் ஹேங்கரில் சிரிப்பார்கள். 'வாக்கோ'தான் சரி.) ஓஹையோவின் டிராய் நகரத்தில் கட்டப்பட்டவை இவை. அதிலும் ஸ்புரூஸ் மர இறக்கை, எஃகுக் குழாய் உடல், துணிப்போர்வைதான். ஆனால் சக்கரம் உள்ளே மடங்காது. அந்த ஒரு வித்தியாசமே உங்களுக்குப் பல மாத வேலையை மிச்சப்படுத்தும். தவிர வாக்கோவின் தொழிற்சாலை வரைபடங்கள் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாக்கோவின் பெயர்களைப் படிக்கவும் ஒரு சூத்திரம் உண்டு. ஒய்கேஎஸ் என்றால் முதல் எழுத்து இன்ஜின், இரண்டாவது உடலின் வடிவமைப்பு, மூன்றாவது எந்த வரிசை என்பது. விற்பனை விளம்பரம் பார்க்கும்போது இது உதவும்.

"இல்லை, எனக்கு ஸ்டேகர்விங்தான் வேண்டும்" என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள். வாக்கோக்காரர்களும் படிக்கலாம், சக்கரம் மடக்கும் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் இருவருக்கும் பொது.

முதல் படி: விமானத்துக்கு முன்னால் காகிதம்

பெயர்ப்பலகை இல்லாத விமானம் விறகு. அந்தச் சின்ன உலோகத் தகடும், அதில் உள்ள வரிசை எண்ணும், அந்த எண்ணுக்கு உரிய ஆவணங்களும் இருந்தால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ இதைப் பறக்கத் தகுதியான விமானமாக ஏற்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் பிறந்த நாள் முதல் ஒரு கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பின் நகலை வாங்கிவிடுங்கள்; சொற்பச் செலவுதான். யார் யார் கைக்கு மாறியது, எந்த ஆண்டு எந்த இறக்கை உடைந்தது, யார் ஒட்டினார்கள் என்ற விவரம் படிவம் 337களில் இருக்கும். பெரிய பழுது, பெரிய மாற்றம் எதைச் செய்தாலும் நிரப்ப வேண்டிய படிவம் அது. 1950களில் கீழ் இறக்கை தரையில் இடித்தது என்று கோப்பு சொல்கிறதா? நேராக அந்த இறக்கையைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்தப் பெயரில் விமானத்தைப் பதிவு செய்யக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் நேரடியாகத் தன் பெயரில் பதிய முடியாது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் காலத்தில் அடுத்தவர் விமானத்தில் கை பழகலாம். நான் அப்படித்தான் பழகினேன், அதில் குறை ஒன்றும் இல்லை. தவறெல்லாம் அடுத்தவர் மரத்தில் செய்து முடித்தாகிவிட்டது.

சட்டப்படி யார் கை வைக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். கையெழுத்துப் போடுபவர் அவர். பெரிய பழுதுகளை அங்கீகரிக்க, ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக் ஒருவர் வேண்டும், ஐஏ என்பார்கள். இவரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் விமானம் வாங்குங்கள். இன்றைக்கு ஸ்புரூஸ் ஸ்பாரை (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் கட்டை) பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரிந்த ஐஏக்கள் வயதானவர்கள், எண்ணிக்கையில் குறைவு. உலோக விமானமே பார்த்தவர் உங்கள் மரத்தைப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: எல்லாவற்றையும் தூக்கிப்போடச் சொல்வார், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இரண்டுமே ஆபத்து. மேற்பார்வையில் செய்த வேலைக்கு நாள் தேதியோடு கணக்கு வையுங்கள். 30 மாத நடைமுறை அனுபவம் இருந்தால் உடல், இன்ஜின் இரண்டுக்குமான மெக்கானிக் உரிமத் தேர்வுக்கு நீங்களே உட்காரலாம்.

கையோடு வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஆவணம், எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி. மரம், துணி, வெல்டிங் எல்லாவற்றுக்கும் ஏற்கப்பட்ட முறைகள் அதில் இருக்கின்றன, இலவசமாகக் கிடைக்கும். முதல் அத்தியாயமே மரம்தான்.

இரண்டாம் படி: பிரிப்பது

இடம் எவ்வளவு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு கார் நிறுத்தும் கேரேஜில் இறக்கைகளை ஒவ்வொன்றாகச் செய்துவிடலாம். உடல் ஏறக்குறைய 27 அடி நீளம். அதற்கும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவதற்கும் ஹேங்கர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். அப்படிப் பிரிக்கப்பட்டு, பெட்டி பெட்டியாகக் கைமாறிக்கொண்டே இருக்கும் விமானங்கள் ஏராளம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பெட்டி காணாமல் போகும்.

படம் எடுங்கள். பிரிப்பதற்கு முன் ஒன்று, பாதி பிரித்ததும் ஒன்று, பிரித்தபின் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. போல்ட்டுகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அந்தப் பெயர் எழுதிய பையில் போடுங்கள். பழைய துணியைக் கிழித்து எறியாமல் பெரிய துண்டுகளாக வெட்டிச் சுருட்டி வையுங்கள். தையல் எத்தனை அங்குல இடைவெளியில், பரிசோதனைத் துளைகள் எங்கெங்கே, வடிகால் கண்கள் எங்கே என்பதை அந்தத் துணி சொல்லும். அடுக்கடுக்கான வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டே போனால் அடியில் தொழிற்சாலை அடித்த நிறம் கிடைக்கும். சுரண்டும்போது முகமூடி அவசியம்; பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. சேர்ந்த இரண்டாம் மாதம் இறக்கை நுனியின் வளைவுச் சட்டம் ஒன்று கையில் எடுத்ததுமே உதிர்ந்தது. குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். அது உளுத்துப்போன மரம், உண்மைதான். ஆனால் அந்த வளைவுக்கு எங்களிடம் இருந்த ஒரே மாதிரியும் அதுதான். எதிர்ப்பக்க நுனியிலிருந்து அளவெடுத்துத் திருப்பிப் போட்டு, மூன்று முறை தப்பாக ஒட்டி, நான்காவதில் பொருந்தியது. அன்றிலிருந்து அந்த ஹேங்கரின் குப்பைத் தொட்டியில் 'முதலில் கேள்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. யாரை உத்தேசித்து என்பது எல்லோருக்கும் தெரியும்.

கருவிகளைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து மானிகளின் முட்களிலும் எண்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி போயிருக்கும், கதிர்வீச்சு போயிருக்காது. கண்ணாடியைத் திறக்காதீர்கள், துடைக்காதீர்கள். அப்படியே உறையில் போட்டு, உரிமம் பெற்ற கருவிப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: மரமும் பசையும்

1930களில் விமானத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கேசின் பசையைத்தான் பயன்படுத்தின. பாலிலிருந்து எடுக்கும் புரதம் அது. காய்ந்த நிலையில் கெட்டியாகப் பிடிக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை அதை உணவாக எடுத்துக்கொள்ளும், பால் பண்டம்தானே! தொண்ணூறு வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் சில மூட்டுகளில் வெள்ளைப் பொடிதான் மிச்சம். ரிப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது சின்னஞ்சிறு ஆணிகள் மட்டுமே. அந்த ஆணிகள் பசை காயும் வரை அழுத்திப் பிடிப்பதற்காக அடித்தவை. பறக்கும்போது வரும் சுமையைத் தாங்குவதற்கு இல்லை.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்பாரில் போல்ட் போகும் ஓட்டைகள், இரும்புத் தகடு மரத்தில் உட்காரும் இடம், இறக்கையின் பின் விளிம்பு, இறக்கை உடலோடு சேரும் மூலை. இரும்பைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால் போல்ட் ஆடியிருக்கிறது. இன்னொன்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது: நாரோட்டத்துக்குக் குறுக்கே ஓடும் மயிரிழைக் கோடு. என்றோ ஒரு நாள் அடி வாங்கி உள்ளே நார் நசுங்கியதன் அடையாளம் அது. விளக்கை நேராகப் பிடித்தால் தெரியாது; ஸ்பாரின் மேல் படுக்கவைத்தாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நிழல் விழும். அந்தக் கோடு இருக்கும் ஸ்பாரைப் பழுது பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

புது மரம் சிட்கா ஸ்புரூஸ். விமானத் தரம் என்று சான்றளித்த மரத்தையே வாங்க வேண்டும். கையில் வந்ததும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். குறுக்கு வெட்டில் ஒரு அங்குலத்துக்கு ஆறு வளையத்துக்குக் குறையக் கூடாது. நாரோட்டம் 15 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. இழைப்புளி போட்டால் சுருள் நீளமாக, அறுபடாமல் வரும். மூக்கில் லேசான பிசின் மணம் அடிக்கும். இந்த மரத்தை இழைத்துப் பழகியவருக்கு அதன்பிறகு கடையில் விற்கும் பைன் பலகையைத் தொடவே மனம் வராது.

பழைய ஸ்பாரில் ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால் வெட்டி எடுத்துச் சாய்வு மூட்டு போடலாம். சாய்வு 12க்கு 1. அதாவது ஒரு அங்குலத் தடிப்புக்கு 12 அங்குல நீளச் சரிவு. மூட்டு எங்கே விழலாம், எங்கே விழக் கூடாது என்பதெல்லாம் ஏசி 43.13இல் படத்தோடு இருக்கிறது. மனம்போன இடத்தில் வெட்டாதீர்கள்.

ரிப்புகளுக்கு அச்சுப்பலகை செய்ய வேண்டும். கனமான ஒட்டுப்பலகையில் ரிப்பின் வடிவத்தை முழு அளவில் வரைந்து, கோட்டின் இரு பக்கமும் சிறு கட்டைகளை அடித்தால் அதுதான் அச்சு. வெந்நீரில் ஊறிய மெல்லிய ஸ்புரூஸ் பட்டியை அதில் வளைத்து வைத்து, காய்ந்ததும் ஒட்டி, ஆணி அடித்து எடுக்க வேண்டும். நடு இறக்கையில் ஒரே அச்சில் பல ரிப்புகள் வந்துவிடும். ஸ்டேகர்விங்கின் நுனி வட்டமாகச் சுருங்குவதால் அங்கே ஒவ்வொரு ரிப்பும் ஒரு அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சு. உங்கள் குளிர்காலம் முழுக்க அங்கேதான் போகும்.

பசைக்கு இப்போது இரண்டு வழி. ரிசார்சினால் பசை பழைய நம்பிக்கை. ஆனால் மூட்டு இம்மி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், நல்ல அழுத்தம் வேண்டும், வெப்பம் 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. ஓஹையோ ஜனவரியில் கேரேஜை அந்தச் சூட்டில் வைத்திருக்க என்ன செலவாகும் என்று உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்துக்கு ஏற்ற எபாக்ஸிகள் கொஞ்சம் பொறுத்துப்போகும். எதை எடுத்தாலும் ஒரு பழக்கத்தை விடாதீர்கள். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே பசையில் இரண்டு துண்டு ஸ்புரூஸை ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். நன்றாக இறுகியபின் அதை வைஸில் பிடித்துச் சுத்தியலால் உடையுங்கள். மரம் கிழிந்தால் பசை நல்லது. ஒட்டிய கோட்டில் வழவழவென்று பிரிந்தால், அன்றைக்கு ஒட்டிய அத்தனையையும் பிரிக்க வேண்டும். ஐஏ வரும்போது அந்த உடைந்த துண்டுகளைத்தான் முதலில் கேட்பார். எங்களிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது.

முடித்த மரத்துக்கு வார்னிஷ் இரண்டு கை. துணி ஒட்டும் ரசாயனத்தில் கரையாத எபாக்ஸி வார்னிஷாக இருக்கட்டும். ஓட்டைகளுக்கு உள்ளேயும் வார்னிஷ் போக வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி இதற்கு நல்ல கருவி.

எஃகு எலும்பு

உடலின் உள்கூடு குரோம்-மாலி எஃகுக் குழாய்களால் வெல்டிங் செய்தது. அதற்கு வெளியே மர வளையங்களும் நீளப் பட்டிகளும் கட்டித்தான் ஸ்டேகர்விங்கின் அந்த உருண்ட வடிவம் கிடைக்கிறது. ஆக உடலிலும் மர வேலை ஓயாது.

குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வால் பக்கம் தாழ்ந்து நிற்கும் விமானம் என்பதால் தண்ணீர் வழிந்து சேர்வது பின்பகுதியின் அடிக்குழாய்களில். கூரிய முனையால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மெலிந்திருந்தால் அந்தக் குழாயை மாற்றியே ஆக வேண்டும். சந்தேகத்துக்கு மீயொலித் தடிமன் மானி வைத்துப் பாருங்கள். துருவை எடுக்க மணலை வேகமாக அடிக்கச் சொல்லி வண்டிப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். இது லாரி சேசிஸ் இல்லை, மெல்லிய குழாய். வெல்டிங்கை அனுபவசாலியிடம் விடுங்கள். முடிந்ததும் குழாய்க்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி ஆட்டி வடித்து, வாயை அடைத்து, வெளியே எபாக்ஸி பிரைமர். எரிபொருள் தொட்டிகளை மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதியுங்கள். ஒயர் அனைத்தும் புதிது. பழைய பருத்தி உறை ஒயரில் ஒரு அடியைக்கூட நம்ப வேண்டாம்.

சக்கரங்கள் மின் மோட்டார், சங்கிலி, பற்சக்கரம் வழியாக வயிற்றுக்குள் மடங்கும். மோட்டார் கைவிட்டால் கைப்பிடியால் சுற்றி இறக்க வேண்டும். விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, முதலில் கையால் சுற்றியே ஏற்றி இறக்குங்கள். எங்கே இறுகுகிறது என்று கைக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும் வரை மோட்டாரை இணைக்காதீர்கள். சக்கரத்தை மூடும் கதவுகளைக் கடைசியாக மாட்டுங்கள்.

இன்ஜின்

இதில் புதியவர்கள் கவலைப்படுவது அதிகம், கவலைப்பட வேண்டியது குறைவு. ஆர்-985 இன்ஜின் பீச் 18, பீவர் போன்ற எத்தனையோ விமானங்களில் இன்றும் ஓடுகிறது. பாகம் கிடைக்கும், பிரித்துப் பூட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. காசைக் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். புரொப்பெல்லரும் அப்படியே.

நீங்கள் பழக வேண்டியது ஒரு விஷயம். ஒன்பது சிலிண்டர்களும் வட்டமாக நிற்பதால் நிறுத்திவைத்த இன்ஜினில் எண்ணெய் இறங்கி அடிச் சிலிண்டரில் தேங்கும். எண்ணெய் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். கிளப்பும் முன், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றால் பலம் காட்டாதீர்கள், பின்னோக்கியும் சுற்றாதீர்கள். அடிச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், எண்ணெய் வடியட்டும்.

துணி போர்த்துவது

முதலில் உங்கள் ஐஏவைக் கூப்பிட்டு, திறந்த இறக்கையைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். துணி போட்டுவிட்டால் அப்புறம் யாரும் உள்ளே பார்க்க முடியாது.

அந்தக் காலத்தில் பருத்தித் துணி, அதன்மேல் டோப் என்ற இறுக்கும் பூச்சு. இப்போது பாலியஸ்டர் துணி. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பசை முதல் மேல்பூச்சு வரை அதே முறையில் போக வேண்டும். அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் என்று கலக்க சட்டத்தில் இடமில்லை. நைட்ரேட் டோப் பயன்படுத்துபவர்கள் தீயைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அது பெட்ரோலுக்குச் சளைத்தது இல்லை. நிலைமின் பொறி ஒன்றே போதும்.

துணியை விளிம்புகளில் ஒட்டியபின் இஸ்திரிப் பெட்டியால் சுருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் பெற்ற முறைகளில் ஒன்றான பாலி-ஃபைபரில் முதல் சுற்று 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசிச் சுற்று 350. பெட்டியின் குமிழில் எழுதியிருப்பதை நம்பாமல் வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 350ஐத் தாண்டினால் துணி தளர ஆரம்பிக்கும். தளர்ந்தது மறுபடி இறுகாது. கடைசிச் சுற்று முடிந்து விரலால் சுண்டினால் மிருதங்கத்தின் வலந்தலை மாதிரிப் பேசும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே சனிக்கிழமை தவறாமல் போயிருக்கிறேன்.

அப்புறம் ரிப் தையல். மெழுகு போட்ட நூலை நீண்ட ஊசியில் கோத்து, மேல் துணியில் குத்தி அடித்துணியில் எடுத்து, ரிப்பைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. புரொப்பெல்லர் காற்று படும் பகுதியில் தையல் நெருக்கமாக வரும். சுருட்டி வைத்த பழைய துணியை இப்போது எடுங்கள்: அதில் இருந்த இடைவெளியைவிட உங்கள் தையல் அகலக் கூடாது. முடிச்சு கையில் வர எனக்கு ஒரு முழு வார இறுதி ஆனது. பூக்காரம்மாவிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

தையல் மேல் நாடா, வடிகால் கண், பரிசோதனை வளையம், பிறகு வெள்ளிப் பூச்சு. அலுமினியத் துகள் கலந்த அந்தப் பூச்சுதான் வெயிலிலிருந்து துணியைக் காக்கிறது, சிக்கனம் செய்யாதீர்கள். அதற்கப்புறம் வண்ணம். வண்ணம் அதிகமானால் எடையும் அதிகம், வெடிப்பும் சீக்கிரம். கண்ணாடி போல் மின்ன வேண்டும் என்று பத்துப் பதினைந்து கை அடித்துப் பரிசு வாங்கும் விமானங்களைப் பார்த்திருக்கிறேன். அழகுதான். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

உள்ளே

சொகுசு என்ற சொல் இங்கேதான் பொருள்படும்: தோல் அல்லது மொஹேர் துணி இருக்கை, கார் போல் கைப்பிடியால் இறக்கும் பக்கக் கண்ணாடி, இடமிருந்து வலமாகத் தூக்கிப் போடக்கூடிய ஒற்றை ஸ்டியரிங். நல்ல கார் தையல்காரரே இருக்கை தைத்துவிடுவார். ஆனால் எந்தத் துணியை எடுத்தாலும் தீப்பற்றுதல் சோதனைச் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பழைய இருக்கையை எறிவதற்கு முன் எடை போடுங்கள், புதியதையும் போடுங்கள். ஒலித்தடுப்புப் பஞ்சு, தடித்த கம்பளம் என்று ஆசைப்பட்டுச் சேர்த்தால் ஒரு பயணியின் எடையைக் காலி இருக்கையிலேயே ஏற்றிவிடுவீர்கள்.

பூட்டி, பறந்து

இறக்கைகளைப் பூட்டி, அவற்றை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை முறுக்கும் வேலைக்கு இதற்கு முன் இதே வகை விமானத்தைப் பூட்டியவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். ரசமட்டம், தூக்குக்குண்டு, கோணப்பலகை, கம்பி இழுவை மானி, பொறுமை. பிறகு எடையும் சமநிலையும் புதிதாக எடுக்க வேண்டும். பழைய காகிதத்தில் இருக்கும் எண் இப்போது செல்லாது.

இப்படிப்பட்டவரை எங்கே பிடிப்பது என்றால், டென்னசியின் டல்லஹோமாவில் பீச்கிராஃப்ட் பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்டேகர்விங் அருங்காட்சியகமாக ஆரம்பித்தது. மாடல் 17இன் முதல் விமானமும் மீட்கப்பட்டு அங்கேதான் நிற்கிறது. வாக்கோக்காரர்களுக்கு டிராயில் வாக்கோ அருங்காட்சியகம். ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினின் ஆஷ்காஷில் நடக்கும் விமானத் திருவிழாவில் பழைய விமானங்களுக்கென்று தனிப் புல்வெளியே உண்டு. இறக்கையின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் "எந்தப் பசை போட்டீர்கள்?" என்று கேளுங்கள். மதியச் சாப்பாடு தாண்டிவிடும்.

முதல் பறப்பை நீங்கள் ஓட்ட வேண்டாம். வால்சக்கர விமானம், முன்னால் பெரிய இன்ஜின். தரையில் ஓடும்போது நேரே எதுவும் தெரியாது, பாம்பு போல வளைந்து வளைந்துதான் போக வேண்டும். இறங்கும்போது கவனம் தப்பினால் பம்பரமாகச் சுற்றிவிடும். ஸ்டேகர்விங்கில் மணிக்கணக்காகப் பறந்தவர் ஓட்டட்டும். நீங்கள் தரையில் நின்று சக்கரம் இரண்டும் மடங்குகிறதா என்று எண்ணுங்கள். இறங்கியதும் கம்பிகளின் இழுவையைத் திரும்ப அளந்து பாருங்கள். புது மரம் கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் பரிசோதனை. இறக்கையின் அடியில் உள்ள வட்ட மூடிகளைத் திறந்து, விளக்கும் கண்ணாடியும் விட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு முன்னால் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாசம் வந்தால் நல்லது. மழையில் நனைந்த கோணிப்பை வாசம் வந்தால் வடிகால் கண் எங்கோ அடைத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரையும் சாக்பீஸையும் எடுங்கள்.